கேக்கா? கூழா?

மக்களே, இன்னிக்கு ஒரு சின்ன சொலவடையை வச்சு ஒரு பெரிய பஞ்சாயத்து. ஆணி கம்மியா இருக்குறவங்க உக்காந்து படிங்க. அதிகமா இருக்குறவங்க ராத்திரி வந்து படிச்சுட்டுத் திட்டுங்க :-)

சொலவடை இதுதான்: "யூ காண்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட் டூ."

இதைக் கேக்காத ஆள் நம்மள்ல கிடையாது. அப்ரைசல் மீட்டிங்ல வரும். டிவி விவாதத்துல வரும். அமெரிக்க மாப்பிள்ளை வேணும், ஆனா பொண்ணு பக்கத்துத் தெருவுலயே இருக்கணும்னு சொல்ற அத்தையைப் பாத்து சித்தப்பா சொல்லுவார். எல்லாரும் தலையாட்டுவாங்க. ஆனா நிறுத்தி, "அப்படின்னா என்னங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ஆளுக்கு ஒரு அர்த்தம் வரும்.

நான் கவனிச்ச வரைக்கும் நம்ம ஊர்ல இது மூணு விதமாத் தப்பாப் பயன்படுது.

ஒண்ணு, வெறும் பேராசைக்கு. "போன வருஷம்தான் இன்கிரிமெண்ட் வாங்கினான், இந்த வருஷமும் கேக்குறான், ஹேவிங் தி கேக் அண்ட் ஈட்டிங் இட்." அண்ணே, அது ரெண்டு கேக் கேக்குறது. கடையில கேக் இருந்தா ரெண்டு வாங்கலாம், தப்பே இல்ல. இந்தச் சொலவடையில இருக்குறது ஒரே ஒரு கேக்.

ரெண்டு, இரட்டை வேடத்துக்கு. இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் ஒரு பேச்சுன்னு திரியுற ஆளைப் பாத்து இதைச் சொல்றாங்க. அதுக்குத்தான் நம்மகிட்ட 'பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன்' இருக்கே. அந்த ஆள் கேக்கே தொடல, பாவம்.

மூணு, ரெண்டு விஷயம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலன்னு சொல்றதுக்கு. அவர் சாத்வீகம், அவங்க ஸ்பைசி, கேக் அண்ட் ஈட் இட்... ம்ஹூம். அது 'சாக் அண்ட் சீஸ்'. ஒப்பிடவே கூடாத ரெண்டை ஒப்பிட்டா 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்'. இங்கிலீஷ்காரன் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு தின்பண்டம் வச்சிருக்கான். நாமதான் எல்லாத்தையும் ஒரே தட்டுல கொட்டிடுறோம்.

சரி, அப்ப சரியான அர்த்தம்தான் என்ன?

குழப்பம் எல்லாம் அந்த 'ஹேவ்'ங்கிற ஒரு வார்த்தையிலதான். 'ஹேவ் காபி'ன்னா குடி. 'ஹேவ் லஞ்ச்'னா சாப்பிடு. அப்ப 'ஹேவ் கேக்'னா? கேக் சாப்பிடு! அதன்படி பாத்தா சொலவடை "கேக்கைச் சாப்பிட்டுட்டு கேக்கைச் சாப்பிட முடியாது"ன்னு ஆகிடும். இல்லைன்னா 'ஹேவ்'னா கையில இருக்கு. கையில இருந்தாத்தானே திங்க முடியும்? கேக்கே இல்லாதவன் எதைத் திம்பான்? "கேக் வாங்குறதே திங்குறதுக்குத்தானே சார், இதுல என்ன தப்பு?"ன்னு பள்ளிக்கூடத்துப் பசங்க கேப்பாங்க. நியாயமான கேள்வி. நிறைய வாத்தியார்கள் அதுக்குப் பதில் சொல்லாம "மக்கப் பண்ணு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

தமிழ்ல இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நமக்கு 'ஹேவ்'னு ஒரு வினைச்சொல்லே கிடையாது. "எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க", "என்கிட்ட பணம் இருக்கு"ன்னுதான் சொல்றோம். உடைமையை நாம 'இரு'வை வச்சு ஒப்பேத்திடுறோம். அதனால 'ஹேவ்'னு வந்தா மனசுக்குள்ள 'இருக்கு'ன்னு மொழிபெயர்த்துக்குறோம். ஆனா இந்தச் சொலவடையில வர்ற 'ஹேவ்' வெறும் 'இருக்கு' இல்ல. 'வச்சுக்கோ'. தீராம, குறையாம, அப்படியே பத்திரமா வச்சுக்குறது.

இப்ப மாத்திப் படிங்க: "கேக்கைத் தின்னுட்டு, அதே கேக்கை வச்சுக்கவும் முடியாது." பளிச்னு இருக்குல்ல?

வரிசையை மாத்தினதைக் கவனிச்சீங்களா? முதல்ல தின்னு, அப்புறம் வச்சுக்கோ. இங்கிலீஷ்லயும் இந்த வரிசைதான் தெளிவானது: "யூ காண்ட் ஈட் யுவர் கேக் அண்ட் ஹேவ் இட் டூ." 1546ல ஜான் ஹேவுட்ங்கிறவர் வெளியிட்ட பழமொழித் தொகுப்புல இது இந்த வரிசையிலதான் இருக்கு. முதல்ல தின்னுறது, பிறகு வச்சுக்குறது.

உடனே "ஆஹா, அப்ப நாம எல்லாரும் சொல்றது தப்பு"ன்னு கிளம்பிடாதீங்க. அதுக்கும் எட்டு வருஷம் முன்னாடி, 1538 மார்ச்ல, நார்ஃபோக் பிரபு தாமஸ் ஹோவர்ட், எட்டாம் ஹென்றியோட அமைச்சர் தாமஸ் குராம்வெல்லுக்கு எழுதின கடிதத்துல 'ஹேவ்' முன்னாடியும் 'ஈட்' பின்னாடியும்தான் வருது. ரெண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஐநூறு வருஷமா இருக்கு. 20ஆம் நூற்றாண்டுலதான் 'ஹேவ்' முன்னால வர்ற வரிசை ஜெயிச்சு இன்னொண்ணை ஓரங்கட்டிடுச்சு. ஆகவே இலக்கணப் போலீஸ் நண்பர்களே, லத்தியை உள்ள வைங்க. ரெண்டும் சரி. ஒண்ணு கொஞ்சம் தெளிவு, அவ்வளவுதான்.

இந்த வரிசைச் சண்டை சும்மா டீக்கடை சமாச்சாரம்னு நினைப்பீங்க. ஆனா ஒரு கொலைகாரனைப் பிடிச்ச கதையில இதுக்கு ஒரு பங்கு இருக்கு.

*

டெட் கசின்ஸ்கி. பதினாறு வயசுல ஹார்வர்டுக்குப் போன கணித மேதை. 1967ல பெர்க்லியில உதவிப் பேராசிரியர். 1969ல வேலையை விட்டுட்டார். 1971ல இருந்து மான்டானா மாநிலத்துல லிங்கன்ங்கிற ஊருக்குப் பக்கத்துக் காட்டுல, கரண்டும் குழாய்த் தண்ணியும் இல்லாத ஒரு மரக் குடிசையில தனியா வாழ்ந்தார். 1978ல இருந்து 1995 வரைக்கும் 16 குண்டுகள். பெரும்பாலும் தபால் பார்சல்கள். பேராசிரியர்கள், விமான நிறுவன ஆட்கள், கம்ப்யூட்டர் கடைக்காரர்னு பல பேருக்கு. 3 பேர் செத்தாங்க, 23 பேர் காயம்பட்டாங்க. சிலருக்கு விரல் போச்சு, சிலருக்குப் பார்வை கெட்டது. எஃப்.பி.ஐ. அவருக்கு வச்ச பேர் 'யுனாபாம்பர்'. பதினேழு வருஷம் தேடியும் ஆள் சிக்கல.

1995ல அவரே ஒரு நிபந்தனை வச்சார். நான் எழுதின கட்டுரையைப் பெரிய பத்திரிகையில போடுங்க, கொலையை நிறுத்துறேன்னு. சுமார் 35,000 வார்த்தை. தொழில்துறைச் சமூகம் மனுஷனை அழிக்குதுங்கிற வாதம். பெரிய விவாதத்துக்கு அப்புறம் 1995 செப்டம்பர் 19 அன்னிக்கு 'வாஷிங்டன் போஸ்ட்' அதைப் போட்டுச்சு. யாராவது அந்த எழுத்து நடையை அடையாளம் கண்டுக்க மாட்டாங்களாங்கிற ஆசையும் அதுல இருந்துச்சு.

கண்டுக்கிட்டாங்க. டெட்டோட தம்பி டேவிட், அவரோட மனைவி லிண்டா. முதல்ல சந்தேகப்பட்டது லிண்டாதான். டேவிட் நம்பாமத்தான் படிக்க ஆரம்பிச்சார். படிக்கப் படிக்க அண்ணன் குரல் கேட்டுச்சு. சில சொற்சேர்க்கைகள் அப்படியே அண்ணன் எழுதுற கடிதத்துல வர்றதுதான்.

அந்தக் கட்டுரையில ஒரு இடத்துல நம்ம கேக் வருது. தொழில்நுட்பத்தை ஒழிச்சா அதோட வசதியும் போகுமேங்கிற கேள்விக்குப் பதிலா. ஆனா எல்லாரும் சொல்ற வரிசையில இல்ல. 'ஈட்' முதல்ல, 'ஹேவ்' ரெண்டாவது. பழைய வரிசை. டேவிட் குடும்பம் எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்த டெட்டோட பழைய எழுத்துகள்லயும் அதே வரிசை. மொழிநடையை அலசின எஃப்.பி.ஐ. அதிகாரி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு இதைப் பிடிச்சுக்கிட்டார். இது ஒண்ணை மட்டும் வச்சு யாரையும் கைது பண்ணிடல. இந்த மாதிரி பல ஒற்றுமைகளைச் சேத்து, ரெண்டும் ஒரே கை எழுதினதுதான்னு காட்டித்தான் குடிசையைச் சோதனை போட அனுமதி வாங்கினாங்க. 1996 ஏப்ரல் 3 அன்னிக்கு ஆள் பிடிபட்டார்.

வேடிக்கை என்னன்னா, 'தப்பாச் சொன்னதால மாட்டிக்கிட்டான்'னு நிறைய பேர் எழுதுறாங்க. தப்பா இல்ல. ஊரே சொல்ற வரிசையை விட்டுட்டு, பழைய, தெளிவான வரிசையைச் சொன்னதாலதான் கவனத்துல விழுந்தார். (சரியா எழுதுறதுலயும் ஆபத்து இருக்கு மக்களே!)

ஆனா இந்தக் கதையில என்னை உலுக்கினது டெட் இல்ல. டேவிட்.

அந்தத் தம்பி முன்னாடி இருந்ததுதான் நிஜமான கேக். அண்ணனையும் காப்பாத்தணும். அடுத்த பார்சல் யார் வீட்டு வாசலுக்கும் போகாமப் பாத்துக்கணும். ரெண்டும் நடக்காது. போலீஸ்கிட்ட சொன்னா அண்ணனுக்கு மரண தண்டனை கிடைக்கலாம். சொல்லாம விட்டா இன்னொருத்தர் சாகலாம். நடுவுல ஒரு வழி கிடையாது. 'கொஞ்சம் சொல்லலாம்'னு ஒண்ணு இல்ல. அவர் சொன்னார். சொன்னதுக்கு அப்புறம் அண்ணனைத் தூக்குக்கு அனுப்பக் கூடாதுன்னு வருஷக்கணக்காப் போராடினார். 1998ல டெட் குற்றத்தை ஒத்துக்கிட்டு, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை வாங்கினார். டேவிட்டுக்கு அரசு கொடுத்த 10 லட்சம் டாலர் பரிசுப் பணத்துல வரி, வக்கீல் செலவு போக மீதியில பெரும்பகுதியைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கே கொடுத்தார். அண்ணன் தம்பிகூடப் பேசவே இல்ல. 2023 ஜூன் 10 அன்னிக்கு டெட் சிறைக் காவல்ல இருக்கும்போதே செத்துப் போனார்.

சொலவடையைச் சரியா எழுதினவர் அண்ணன். அதை வாழ்ந்து பாத்தவர் தம்பி.

இனிமே யாராவது அப்ரைசல் மீட்டிங்ல சாதாரணமா இந்த வாக்கியத்தைத் தூக்கி வீசினா, எனக்கு அந்தத் தம்பி ஞாபகம்தான் வரும். இது அவ்வளவு கனமான வாக்கியம்.

*

சரி, தமிழுக்கு வருவோம். "நம்மகிட்ட இதுக்கு அச்சு அசலா ஒண்ணு இருக்கே, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை"ன்னு இந்நேரம் பாதிப் பேர் பின்னூட்டம் தட்ட ஆரம்பிச்சிருப்பீங்க. அகராதிகளும் அப்படித்தான் போடுது. இங்கதான் நான் ஒத்துப்போகல.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெரிய மீசை. கையில சட்டியோட கூழ். குடிச்சா மீசையில ஒட்டும். ஒட்டாம இருக்கணும்னா குடிக்கக் கூடாது. சங்கடம்தான், ஒத்துக்குறேன். ஆனா கூழ் குடிச்சதால மீசை காணாமப் போயிடுதா? இல்ல. நனையுது. துடைச்சுக்கலாம். ஒரு கையால ஒதுக்கிக்கிட்டுக் குடிக்கலாம். அண்ணாந்து ஊத்திக்கலாம். நம்ம தாத்தாக்கள் மீசையும் வச்சிருந்தாங்க, கூழும் குடிச்சாங்க. ரெண்டுமே நல்லாத்தான் இருந்துச்சு.

இன்னும் ஒரு படி மேல போய், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துல இதுக்கு ஒரு கருவியே செஞ்சுட்டான். மீசைக் கோப்பை. கோப்பைக்குள்ள, வாய் வைக்கிற இடத்துல ஒரு சின்னத் திண்ணை மாதிரி தடுப்பு. மீசை அதுமேல சாஞ்சுக்கும், டீ கீழ இருக்குற ஓட்டை வழியா வாய்க்கு வந்துடும். அப்ப மெழுகு போட்டு முறுக்கி விட்ட மீசை ஃபேஷன். சூடான டீயோட ஆவியில மெழுகு உருகி வழிஞ்சுடும். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இன்னிக்கும் பழம்பொருள் கடைகள்ல விக்குது.

கேக்குக்கு இப்படி ஒரு கோப்பை செய்ய முடியுமா? எந்தக் குயவனாலயும் முடியாது. தின்னா தீந்துச்சு. அதுதான் வித்தியாசம்.

ஆகவே என்னோட கட்சி இதுதான் மக்களே. பொருந்தாத ரெண்டு ஆசைன்னு நாம சொல்றதுல ரெண்டு ஜாதி இருக்கு.

கேக் ஜாதி: ஒண்ணை அனுபவிக்கிறதே இன்னொண்ணைத் தீத்துடும். எந்தப் புத்திசாலித்தனமும் உதவாது. தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும்.

கூழ் ஜாதி: ரெண்டும் இடிச்சுக்கும், சங்கடப்படுத்தும். ஆனா ஒரு கோப்பை செஞ்சா தீரும். தேவை கொஞ்சம் காசு, கொஞ்சம் மனசு, கொஞ்சம் யோசனை.

இங்கிலீஷ் சொலவடையை முதல் ஜாதிக்கு மட்டும்தான் பயன்படுத்தணும். ரெண்டாவதுக்குப் பயன்படுத்தினா அது வெறும் இங்கிலீஷ் பிழை இல்ல, ஏமாத்து. 'முடியவே முடியாது'ன்னு ஒரு விஷயத்துக்குப் பூட்டு போடுற வேலை. பூட்டு யாருக்கு வசதியோ அவங்கதான் இந்த வாக்கியத்தை அதிகமாச் சொல்வாங்க.

எடுத்துக்காட்டு சொல்றேன். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல, கைக்குழந்தையோட திரும்பி வந்த ஒரு பொண்ணு, ராத்திரி ஷிஃப்டை மட்டும் மாத்திக் கொடுங்கன்னு கேட்டுச்சு. பதவி உயர்வு வரிசையிலயும் இருந்துச்சு. மேலாளர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், "யூ காண்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட் டூ." சுத்தி இருந்தவங்க எல்லாரும் ஏதோ ஞானமொழி கேட்ட மாதிரி தலையாட்டினாங்க. அந்தப் பொண்ணு மூணு மாசத்துல வேலையை விட்டுடுச்சு.

இது கேக்கா? குழந்தையை வளத்தா திறமை தீந்துடுமா? வேலை பாத்தா தாய்மை தீந்துடுமா? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சாப்பிடுற சமாச்சாரமே இல்ல. நேரம் இடிக்குது, அவ்வளவுதான். பச்சைக் கூழ். கோப்பை என்ன? ஷிஃப்ட் மாத்துறது. குழந்தைக் காப்பகம். வீட்டுக்காரர் ராத்திரி ஒரு தடவை எழுந்து பால் கலக்குறது. 2017ல வந்த மகப்பேறு பலன் சட்டத் திருத்தம் 26 வார விடுப்பு, 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற நிறுவனத்துல காப்பகம்னு எல்லாம் சொல்லுச்சே, அது என்ன? அரசாங்கமே வடிவமைச்ச மீசைக் கோப்பைதான் அது. கோப்பை வாங்கிக் கொடுக்க மனசில்லாதவங்க 'கேக்'னு சொல்லித் தப்பிச்சுக்குறாங்க.

ஒண்ணு கவனிங்க. அதே ஆபிஸ்ல குழந்தை பெத்த ஆம்பளைங்களும் இருந்தாங்க. அவங்ககிட்ட யாரும் கேக் பத்திப் பேசல. அப்பனுக்குக் கேக்கா இல்லாத ஒண்ணு அம்மாவுக்கு மட்டும் எப்படிக் கேக் ஆகும்? ஆளைப் பொறுத்து மாறுதுன்னா அது கேக் இல்லன்னு அர்த்தம். கேக் யார் தின்னாலும் தீரும்.

இன்னொண்ணு, நம்ம எல்லார் வீட்டுலயும் நடக்குறது. "தமிழும் வேணும் இங்கிலீஷும் வேணும்னா எப்படி? ஒண்ணை விட்டாத்தான் ஒண்ணு வரும்." இதைச் சொல்லித்தான் வீட்டுல பிள்ளைங்ககிட்ட தமிழ் பேசுறதை நிறுத்துறாங்க. மூளை என்ன அரைக்கிலோ கேக்கா, ஒரு மொழி தின்னா இன்னொரு மொழிக்கு இல்லாமப் போறதுக்கு? உலகத்துல ரெண்டு மூணு மொழி பேசி வளர்ற பிள்ளைங்க கோடிக்கணக்குல இருக்காங்க. மும்பையில, பெங்களூர்ல, சிங்கப்பூர்ல நம்ம சொந்தக்காரப் பிள்ளைங்களையே பாருங்களேன். நேரம் ஒதுக்கணும், பொறுமை வேணும். அது கூழ்ச் சங்கடம். அதைக் கேக்குன்னு நம்பினதால ஒரு தலைமுறை தாத்தா பாட்டியோட பேச முடியாம நிக்குது.

*

எதிர்ப் பக்கமும் இருக்கு. நிஜமான கேக்கைக் கூழ்னு சொல்லி ஏமாத்துறவங்க. இதுல அரசியல்வாதிகள் கில்லாடிகள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறணும்னு 2016 ஜூன் 23 அன்னிக்கு ஓட்டு போட்டாங்க இல்லையா? அந்த வருஷமே, அப்ப வெளியுறவு அமைச்சரா இருந்த போரிஸ் ஜான்சன், கேக்கை வச்சுக்குறதும் திங்குறதும்தான் எங்க கொள்கைன்னு ஜோக்கா சொன்னார். ஒன்றியத்தோட விதி எதுவும் வேணாம், ஆனா ஒன்றியத்துச் சந்தையோட லாபம் வேணும்ங்கிறது சாரம். அதே அக்டோபர்ல ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்டு டஸ்க் பதில் கொடுத்தார்: ஒரு கேக் வாங்கித் தின்னு பாருங்க, அப்புறமும் தட்டுல இருக்கான்னு பாருங்கன்னு. அடுத்த மாசம், பிரதமர் அலுவலகத் தெருவுல ஒரு உதவியாளர் கையில இருந்த குறிப்புக் காகிதத்தை ஒரு போட்டோகிராபர் படம் பிடிச்சார். அதுலயும் கேக்! பத்திரிகைகள் 'கேக்கிசம்'னு ஒரு வார்த்தையே கண்டுபிடிச்சுட்டாங்க.

ஜோக் நல்லாத்தான் இருந்துச்சு. பில் வந்தது வட அயர்லாந்துல. பிரிட்டன் ஒன்றியத்துச் சந்தையை விட்டு வெளிய வரணும், அயர்லாந்துத் தீவுக்கு நடுவுல சோதனைச் சாவடி கூடாது, வட அயர்லாந்துக்கும் மத்த பிரிட்டனுக்கும் நடுவுலயும் சோதனை கூடாது. மூணையும் ஒரே நேரத்துல வச்சுக்க முடியாது. எங்கயாவது ஒரு இடத்துல கோடு விழுந்தே ஆகணும். 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு முன்னாடி முப்பது வருஷ வன்முறையில மூவாயிரத்துக்கும் மேல உயிர் போன மண் அது. அங்க நிலத்துல கோடு போட யாருக்கும் துணிச்சல் இல்ல. கடைசியில கோடு கடல்ல விழுந்துச்சு. பிரிட்டனுக்குள்ளயே ஒரு பகுதியில இருந்து இன்னொரு பகுதிக்குச் சரக்கு போறதுக்குக் காகித வேலை. அதைச் சரிபண்ண 2023ல வின்ட்சர் ஒப்பந்தம்னு இன்னொண்ணு போட வேண்டி வந்துச்சு. முதல் நாளே 'இது கேக், ஏதோ ஒண்ணு போகும், எது போகணும்னு நீங்களே சொல்லுங்க'ன்னு மக்கள்கிட்ட கேட்டிருந்தா அது நேர்மை. கேக்கே இல்லன்னு சிரிச்சுட்டுப் போனாங்க.

நம்ம பக்கத்துலயும் பஞ்சமில்ல. ஆத்து மணல் வேணும், ஆறும் வேணும். மணல்தான் ஆத்துக்குப் பஞ்சு மாதிரி. தண்ணியைப் பிடிச்சு வச்சு, கரையோரக் கிணத்துக்கெல்லாம் கொடுக்குறது அதுதான். இயற்கை அதைச் சேக்குற வேகத்தை விட வேகமா லாரியில அள்ளினா தீந்துச்சு. அள்ளின மணலும் ஆத்துல கிடக்குற மணலும் ஒரே மணல். இது சுத்தமான கேக். 'முறைப்படி அள்ளுறோம்'னு சொல்றதெல்லாம் சின்ன ஸ்பூன்ல திங்குறோம்னு சொல்றதுதான். சின்ன ஸ்பூனா இருந்தாலும் தட்டு காலியாகும்.

வீட்டுலயும் பாருங்க. பி.எஃப். பணத்தை எடுத்து ஊரே மெச்சக் கல்யாணம் பண்ணிட்டு, ரிட்டயர்மெண்டுக்கும் அதே பணம் இருக்கும்னு ஒரு நினைப்பு. இது கேக். இதைக் கூழ்னு நினைச்சு ஏமாந்த குடும்பங்கள் எத்தனை! இங்க நாம உரக்கச் சொல்ல வேண்டிய வாக்கியம்தான் அது. ஆனா இங்கதான் யாரும் சொல்லுறதில்ல. "கல்யாணம் ஒரு தடவைதான்"னு சொல்லி வாயை அடைச்சிடுறாங்க.

*

மத்த ஊர்க்காரங்களும் இதுல சளைச்சவங்க இல்ல. பிரெஞ்சுக்காரன் வெண்ணெயும் வேணும், வெண்ணெய் வித்த காசும் வேணும்னு சொல்றான். கேக் ஜாதி. இத்தாலிக்காரன் பீப்பாய் நிறைய ஒயினும் இருக்கணும், பொண்டாட்டி போதையிலயும் இருக்கணும்னு சொல்றான். (பொண்டாட்டி குடிச்சா பீப்பாய் குறையும்ங்கிறது கணக்கு. இதுவும் கேக் ஜாதிதான். அந்த ஆளோட ஆசை எந்த ஜாதின்னு நான் சொல்லமாட்டேன்.) ஜெர்மன்காரன் ஒரே நேரத்துல ரெண்டு கல்யாணத்துல ஆட முடியாதுங்கிறான். இது கூழ் ஜாதின்னு எனக்குத் தோணுது. நம்ம ஊர்ல ஒரே முகூர்த்தத்துல நாலு கல்யாணத்துல மொய் எழுதிட்டு, அஞ்சாவதுல சாப்பிடுற ஆட்களை அவன் பாத்ததில்ல :-)

இதுல ஒரு சந்தேகம் வரும். எது கேக், எது கூழ்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் வச்சிருக்குற சோதனை மூணு கேள்விதான்.

ஒண்ணு: ரெண்டும் ஒரே பொருளா? அதே பணம், அதே மணல், அதே ரகசியம். ஒரே பொருள்னா கேக்கா இருக்க வாய்ப்பு அதிகம்.

ரெண்டு: ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு தீந்துடுமா, இல்ல நனைஞ்சு மட்டும் போகுமா?

மூணு: உலகத்துல யாராவது, எங்கயாவது ரெண்டையும் வச்சுக்கிட்டு நல்லா இருக்காங்களா? ஒரே ஒரு ஆள் இருந்தாலும் போதும். அது கூழ். அவர்கிட்ட கோப்பை எங்க வாங்கினீங்கன்னு கேளுங்க.

இந்த மூணையும் தாண்டி நின்னா, அப்பத் தாராளமா இங்கிலீஷ்ல சொல்லுங்க. 'ஈட்' முதல்ல வச்சாலும் சரி, 'ஹேவ்' முதல்ல வச்சாலும் சரி. சொல்லும்போது இழப்பு யாருக்குங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க. அடுத்தவன் இழக்கப்போறதை நாம ஞானம் மாதிரி சொல்றது ரொம்பச் சுலபம்.

உங்ககிட்ட யாராவது இதைச் சொன்னா, உடனே தலையாட்டாதீங்க. "இது கேக்கா கூழா?"ன்னு ஒரு கேள்வி போடுங்க. பதில் வர்றதுக்குள்ள எதிராளி முழிப்பார். அந்த முழியிலயே பாதி உண்மை தெரிஞ்சிடும்.

பின்னூட்டத்துல உங்க வாழ்க்கையில 'கேக்'னு சொல்லிக் கொடுக்கப்பட்ட கூழ் ஒண்ணை எழுதுங்க. கோப்பை எப்படிச் செஞ்சீங்கன்னும் எழுதுங்க. படிக்கிற இன்னொருத்தருக்கு உதவும்.

டிஸ்கி 1: இந்தப் பதிவுக்காக எந்தக் கேக்கும் துன்புறுத்தப்படல. ஒரு பிளம் கேக் மட்டும் பக்கத்துல இருந்துச்சு. இப்ப இல்ல.

டிஸ்கி 2: மீசை இல்லாத ஆண்களும் பெண்களும் கூழ் குடிக்கிறதுல எந்தச் சங்கடமும் இல்லங்கிறதை யாரும் பின்னூட்டத்துல சுட்டிக்காட்ட வேணாம். அதுதான் உண்மையிலேயே மிகச் சிறந்த கோப்பைன்னு எனக்கும் தெரியும்.